உட்கார வைத்துவிட்டுப் போன பொம்மை

பேச்சியம்மாள் அன்று தன் மேசையை விட்டு எழுந்து பின்கதவுக்குப் போனது, சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் எழுதியதாலா, அந்தச் சத்தம் என்னவென்று அவருக்கே புரிந்துவிட்டதாலா? அன்றைய கூட்டத்தின் பதிவை மூன்று முறை கேட்டுவிட்டேன். நான்காவது முறை கேட்டால் பதில் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் இல்லை. இருந்தாலும், அவரை அறிந்த உங்கள் முன்னால் இதை முதலில் வைத்துவிட வேண்டும். மற்ற எதையும் அதற்குப் பிறகுதான் எழுத முடியும் போலிருக்கிறது.

செய்தி ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வாக்கில் வந்தது. தென்காசியில் என் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை மணி நேரமாகத் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். அவருடைய தம்பி ஆறுமுகம் பேசினார். இலத்தூரில் நெல் விவசாயம் செய்கிறவர், அதிகம் பேசாதவர். "மேடம், அக்காவை எடுத்துட்டாங்க" என்றார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் பிறகு என்னை அதிகம் தொந்தரவு செய்தது.

பேச்சியம்மாள் எங்கள் கல்லூரியின் நூலகர். நான் அங்கே புவியியல் நடத்துகிறேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். கல்லூரிக்குள் என்னை 'மேடம்' என்பார். வெளியே வந்தால் 'ஏட்டி மல்லிகா'. கணவர் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. குற்றாலத்தில் கணவர் கட்டிய சிறிய வீட்டில் தனியாக இருந்தார். முன்னால் ஓர் அறை, நடுவில் ஒன்று, பின்னால் அடுக்களை. அடுக்களைக் கதவைத் திறந்தால் எட்டுக் கல்படிகள், அதற்குக் கீழே சிற்றாறு. அந்தக் கதவை அவர் பகலில் அடைத்து நான் பார்த்ததில்லை. அருவியில் தண்ணீர் விழும் மாதங்களில் அந்த வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டுமானால் குரலை உயர்த்த வேண்டும். எரிச்சலாக இல்லையா என்று கேட்டால், "சத்தம் நின்னாத்தாம்ட்டி எனக்கு முழிப்பு வரும்" என்பார்.

அவர் யாரையும் கடிந்து பேசிக் கேட்டதில்லை. ஆனால் விதி என்றால் விதிதான். ஒரு மழைநாளில் எங்கள் முதல்வர் நனைந்த குடையை அகராதிகள் இருந்த அலமாரிமேல் வைத்துவிட்டு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் எழுந்து வந்தார். குடையை எடுத்துப்போய் வராந்தாவில் விரித்து வைத்தார். திரும்பி வந்து, புத்தகம் இரவல் கொடுக்கும் சீட்டு ஒன்றில் 'கறுப்புக் குடை ஒன்று, போகும்போது பெற்றுக்கொள்ளவும்' என்று எழுதி, தேதி முத்திரை குத்தி, முதல்வர் முன்னால் வைத்தார். முதல்வர் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத்தான் குடையை வாங்கினார். அதன் பிறகு யாரும் அலமாரிமேல் குடை வைக்கவில்லை.

ஊரடங்குக் காலத்தில் கல்லூரியின் சிறப்புச் சொற்பொழிவுகள் நின்றுபோனபோது, அவர்தான் 'கூடம்' தொடங்கினார். உங்களில் பலர் அதன் வழியாகத்தான் அவரை அறிவீர்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அது இணையத்தில் இருக்கும் ஒரு மண்டபம். மேடை, நாற்காலிகள், சன்னல் எல்லாம் உண்டு. உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் ஓர் உருவம் கிடைக்கும். அதற்கு 'அவதார்' என்று பெயர் சொல்கிறார்கள். நாங்கள் பொம்மை என்றோம். நாம் வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து பேசினால் அங்கே பொம்மை வாயசைக்கும். மண்டபத்துக்குள் இடம் கிடைக்காதவர்கள் நேரலையில் பார்ப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு, வெளியிலிருந்து யாராவது ஒருவர் வந்து பேசுவார்.

எனக்கு இந்த ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. அந்தப் பொம்மைகளுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் கிடையாது. நின்றால் அந்தரத்தில் நிற்கும். உட்கார வைத்தால் பாதி உடம்பு நாற்காலிக்குள் இறங்கிவிடும். முகங்களை நேராகப் பார்த்துப் பேசும் வசதி இருக்கும்போது இந்த விளையாட்டு எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்ன காரணம் எனக்கு அதுவரை தோன்றாதது. "முகத்தைக் காட்டணும்னா பொம்பளைங்க வர மாட்டாங்கட்டி. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு எவ வீட்ல தலை சீவி உட்கார்ந்திருக்கா? பொம்மையை அனுப்பிட்டு அவ பாட்டுக்கு வெங்காயம் உரிக்கட்டும். காது இங்கன இருந்தாப் போதும்." அவர் சொன்னபடியே நடந்தது. கடையநல்லூரிலிருந்தும் சுரண்டையிலிருந்தும், படிப்பை முடித்து வீட்டோடு இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் வந்தார்கள். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் பொம்மைகளாக வந்து கேள்வி கேட்டார்கள். நான் மேற்கொண்டு வாதம் செய்யவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்து ஒலி, படம், நேரம் எல்லாம் கவனிக்கும் வேலையை ஏற்றுக்கொண்டேன். அவர் விருந்தாளியை வரவேற்று நடத்துவார். ஏதாவது சரியில்லை என்றால் நான் அவருக்கு மட்டும் தெரியும்படி செய்தி எழுதுவேன். அவர் உடனே சரிசெய்வார்.

கூடத்தில் அவர் வைத்த விதிகள் இரண்டு. முதலாவது: எழுந்து போகிறவர்கள் பொம்மையை உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்த மண்டபத்தில் ஒரு குறை இருந்தது. கணினியை அணைக்காமல் எழுந்து போய்விட்டால் பொம்மை அங்கேயே நிற்கும். மணிக்கணக்கில் நிற்கும். நாற்பது விநாடிக்கு ஒரு தடவை தானாகத் தலையை ஆட்டும். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நாம் பேசிக்கொண்டிருப்போம். "ஆளில்லாம நிக்குத பொம்மைகிட்ட நான் பேச மாட்டேன். போறவங்க உட்கார வச்சிட்டுப் போங்க, நான் புரிஞ்சுக்கிடுதேன்" என்பார். இரண்டாவது விதி அவர் தனக்கே வைத்துக்கொண்டது: விருந்தாளி பேசும்போது நடத்துகிறவர் குறுக்கே ஒரு சொல் பேசக் கூடாது. "வீட்டுக்கு வந்தவங்க பேசும்போது வீட்டுக்காரி அடுப்படியில பாத்திரத்தை உருட்டலாமா?" என்று கேட்பார்.

இந்த இரண்டு விதிகளையும் அவர் எவ்வளவு கறாராகப் பின்பற்றினார் என்பதற்கு ஒரு சம்பவம். சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தின் நடுவே அவருடைய பொம்மை திடீரென்று உட்கார்ந்தது. ஐந்தாறு நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு எழுந்தது. விருந்தாளிக்கு நன்றி சொன்னார், கேள்விகளை வாங்கினார், கூட்டம் முடிந்தது. எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னார்: பின்கதவு வழியாக ஒரு சாரைப்பாம்பு வந்து மேசைக்கு அடியில் சுருண்டுவிட்டதாம். துடைப்பக்கட்டையால் தள்ளித் தள்ளிப் படிக்குக் கொண்டுபோய் விட்டாராம். எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நீ வந்து பிடிக்கப் போறியா? அவரு அருமையாப் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றார். நான் சிரித்தேன். அன்று சிரிக்காமல் அவரைக் கண்டித்திருக்க வேண்டும்.

கூடத்தின் பின்னணி ஓசையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து நின்றது. சாரல் காலத்தில் ஒரு நாள் அவர் தன் வீட்டுப் பின்படியில் உட்கார்ந்து ஆற்றின் சத்தத்தைத் தொலைபேசியில் பதிவு செய்தார். மெல்லிய, ஒரே சீரான ஓசை. அதை மண்டபத்தில் எப்போதும் ஒலிக்கும்படி வைத்துவிட்டார். கூடத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அதுதான். ஷார்ஜாவில் வேலை செய்யும் கடையநல்லூர்க்காரர் காதர், எங்கள் பழைய மாணவர், சொற்பொழிவு தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே வந்துவிடுவார். "தலைப்பு எதுவா இருந்தாலும் சரிக்கா, நான் தண்ணிச் சத்தம் கேக்கத்தான் வாறேன்" என்பார். இப்படியாக, கூடத்தில் ஆற்றின் சத்தம் கேட்பது எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. பழகியதை யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை.

இந்தக் கார்த்திகை மாதத்துக் கூட்டத்துக்கு சுரண்டையிலிருந்து சுடலைமுத்து அண்ணாச்சியை அழைத்திருந்தார். அணைக்கட்டுகளையும் கால்வாய்களையும் பார்த்து ஓய்வுபெற்ற பொறியாளர். எழுபதைத் தாண்டியவர், காது சற்று மந்தம். மலையில் பெய்யும் மழை அருவியில் வெள்ளமாக வருவதற்கு முன் என்னென்ன அடையாளம் காட்டும் என்பதுதான் பேச்சு. வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பேத்தி தேர்ந்தெடுத்துக் கொடுத்த மஞ்சள் கோட்டுப் பொம்மையில் வந்தார். வந்தவர் பத்து நிமிடம் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, சுவத்தைப் பாத்து நிக்கிய. இங்கிட்டுத் திரும்புங்க" என்றார் பேச்சியம்மாள்.

"இருக்கட்டும்மா. சுவரு கொட்டாவி விடாதுல்லா" என்றார் அண்ணாச்சி.

பேச்சியம்மாள் அவ்வளவு சிரித்து நான் கேட்டது அதுதான் கடைசி.

ஞாயிறு மூன்று மணிக்குக் கூட்டம் வழக்கம்போல் தொடங்கியது. பேச்சியம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. தொடங்குமுன் நாலைந்து பேரிடம், அங்கன மழை உண்டா என்று கேட்பார். ஒலி சரியாக வருகிறதா என்று பார்ப்பதற்கான வழி அது. காதர் ஷார்ஜாவில் வெயில் கொளுத்துவதாகச் சொன்னார். அண்ணாச்சி, சுரண்டையில் காலையில் தூறியது, இப்போது இல்லை என்றார். தென்காசியில் மேகமூட்டம் என்று நான் சொன்னேன். குற்றாலத்தில் எப்படி என்று காதர் திருப்பிக் கேட்டார். "இங்கன சொட்டுத் தண்ணி இல்ல. மலைதான் கறுத்துக் கிடக்கு. காலையிலே அருவியில குளிக்கத் தடை போட்டுட்டாங்க" என்றார் பேச்சியம்மாள். அருவியில் தடை போட்டால் என்ன நடக்கும் என்று குற்றாலத்துக்காரர்களுக்குத் தெரியும். சபரிமலைக்கு மாலை போட்டு வேன்களில் வருகிறவர்கள் குளிக்காமல் போக மாட்டார்கள். அருவியை விட்டுவிட்டு ஆற்றுப் படித்துறைக்கு வருவார்கள். அவர் வீட்டிலிருந்து அந்தப் படித்துறை கூப்பிடு தூரம்.

அண்ணாச்சி நன்றாகப் பேசினார். முக்கால் மணி நேரம் கடந்திருக்கும். கூடத்தில் ஆற்றின் ஓசை கூடிக்கொண்டே வந்தது. பேச்சுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று அவர் பதிவின் ஒலியை ஏற்றிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 'இன்றைக்கு அருவி பிரமாதம் அக்கா' என்று காதர் அரட்டைப் பெட்டியில் எழுதினார். இன்னும் இரண்டு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். எனக்கு அது தேவையில்லாத அலங்காரமாகத் தோன்றியது. விருந்தாளியின் குரலை அது அமுக்குகிறது என்ற எரிச்சலும் வந்தது. 'சத்தம் அதிகமாக இருக்கிறது, குறையுங்கள்' என்று அவருக்கு எழுதினேன்.

அதே நிமிடத்தில் அண்ணாச்சி சொல்லிக்கொண்டிருந்தது இது. பதிவிலிருந்து அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "முதல்ல தண்ணியோட நிறம் மாறும். சருகு வரும், குச்சி வரும். அதைப் பார்த்துட்டு ஏறிக்கிட நேரம் இருக்கும். கடைசி அடையாளம் சத்தம். அதுவரைக்கும் இரைச்சலா இருந்தது அடியில உறுமும். கல்லு உருளுத சத்தம் அது. அதைக் கேட்டுட்டா ஆத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கக் கூடாது. மேல ஏறிறணும்."

என் செய்தியின் நேரமும் அண்ணாச்சி பேசிய நேரமும் ஒரே நிமிடத்தைக் காட்டுகின்றன. எது முந்தியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பேச்சியம்மாளிடமிருந்து 'சரி' என்று ஒரு சொல் பதில் வந்தது. பிறகு இரைச்சல் சட்டென்று குறைந்தது. கூடியது பதிவின் ஓசை இல்லை, நிஜ ஆற்றின் இரைச்சல், அவர் பின்கதவை அடைத்துவிட்டார் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், சொன்னதும் கேட்டுக்கொண்டார் என்ற திருப்தி மட்டும்தான். பதிவைக் காதில் மாட்டிக் கேட்டால், இரைச்சல் போன பிறகும் அடியில் ஓர் உறுமல் இருப்பது கேட்கிறது. சுவர் வழியாக வந்த சத்தம் அது. இருபது வருடமாக ஆறுகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். அந்தச் சத்தத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கும் அது கேட்கவில்லை.

சத்தம் குறைந்து இருபது விநாடி கழித்து பேச்சியம்மாளின் பொம்மை உட்கார்ந்தது.

அந்த இருபது விநாடியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கதவை அடைக்கப் போனவர் ஆற்றைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய ஒலிவாங்கி திறந்தே இருந்தது. ஒரு சொல் போதும். கூடத்தில் அப்போது இருந்தவர்களில் பாதிப்பேர் தென்காசி சுற்றுவட்டாரத்துக்காரர்கள். காவல் துறையில் இருப்பவர்கள் உண்டு, பக்கத்துத் தெருவில் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் உண்டு. 'ஆத்துல வெள்ளம்' என்று சொல்லியிருந்தால் பத்துத் தொலைபேசிகளாவது படித்துறைக்கு அடித்திருக்கும். அவர் சொல்லவில்லை. விருந்தாளி பேசிக்கொண்டிருந்தார். பொம்மையை உட்கார வைத்துவிட்டுப் போனார்.

நானும் பாம்பு வந்த நாளை நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பேச்சு முடிந்தபோது அவர் திரும்பவில்லை. நான்தான் நன்றி சொன்னேன். அவருடைய பொம்மை தலையாட்டியது. "அக்கா சரின்னுட்டாங்க, மல்லிகா மேடம் பாஸு" என்று காதர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகும் அவர் வராததால் என் தொலைபேசியிலிருந்து அவரை அழைத்தேன். மணி அடிக்கும் சத்தம் கூடத்துக்குள் கேட்டது. உட்கார்ந்திருந்த பொம்மையிடமிருந்து வந்தது. அவர் தொலைபேசியை மேசையிலேயே விட்டுப் போயிருக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மணி அடித்து ஓய்ந்தது. ஓய்ந்ததும், அதற்கு அடியில் அந்த உறுமல் மட்டும் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி அப்போது ஒலியைக் கூட்டி வைத்திருக்க வேண்டும்.

"ஏம்மா," என்றார். "அது என்ன சத்தம்?"

பிறகு அவரே, "அது கூடத்துச் சத்தம் இல்ல. அது கல்லு" என்றார்.

நான் ஆறுமுகத்தை அழைத்தேன். அவர் இலத்தூரிலிருந்து கிளம்பி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

படித்துறையில் நடந்ததை அரசு மருத்துவமனை வாசலில் செல்லையா சொன்னார். அவர் அங்கே குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவருடைய வேட்டி அப்போதும் ஈரமாக இருந்தது. ஒரு வேன் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்களாம். தண்ணீர் அப்போதுதான் கலங்கத் தொடங்கியிருந்தது. வானத்தில் மழை இல்லாததால் யாரும் பொருட்படுத்தவில்லை. பேச்சியம்மாள் செருப்பில்லாமல் ஓடி வந்தார். "சாமி, மலைக்குப் போகணும்னா இப்பக் கரைக்கு ஏறுங்க" என்று கத்தினார். சிலர் சிரித்தார்கள். ஆனால் அவர் நின்ற நிலையைப் பார்த்து ஏறிவிட்டார்கள். ஒருவர் மட்டும் முகத்தில் சோப்போடு, ஒரு முங்கு போட்டுவிட்டு வருகிறேன் என்றார். இவர் மூன்று படி இறங்கி அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"அந்த ஆளு படியோரம் கட்டியிருக்க சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டாரு, அம்மா" என்றார் செல்லையா. "இவங்க ஒரு கையில அவரைப் பிடிச்சிருந்தாங்க. இன்னொரு கைக்கு ஒண்ணும் இல்ல. நான் எட்டிப் பிடிக்கதுக்குள்ள தண்ணி அப்படியே செவராட்டம் வந்துட்டு."

அந்த வேனில் வந்தவர்கள் அனைவரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் அந்தச் செய்தியை எழுதாமல் இருந்திருந்தால், அவர் கதவுப் பக்கம் போகாமலே இருந்திருக்கலாம். அவர் இன்று இருந்திருப்பார், அவர்கள் இருந்திருக்க மாட்டார்கள். சிலர் இதை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறார்கள். எனக்கு இது ஆறுதலாகவும் படவில்லை, குற்றச்சாட்டாகவும் படவில்லை. அவருடைய சாவைக் கூட்டல் கழித்தலாகப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் கழித்து அண்ணாச்சி சுரண்டையிலிருந்து பேருந்தில் என்னைப் பார்க்க வந்தார். காபி குடிக்கவில்லை. "நான் சொல்லிக்கிட்டு இருந்த சத்தம் எனக்கே கேக்கலையே, தாயி" என்று ஒருமுறை சொன்னார். நான் செய்தி எழுதியதை அவரிடம் சொன்னேன். அவர் போய்விட்டார்.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன். பேச்சியம்மாளின் உயிர் போன பிறகும் பொம்மை தலையாட்டியது, நமக்கு ஏதோ சொல்ல வந்தது என்று ஒரு பேச்சு குழுக்களில் உலவுகிறது. நேரலைக் காட்சியை வெட்டி, சோக இசை சேர்த்துச் சிலர் பரப்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த உருவத்தை அப்படிச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதுதான் நடந்தது. அதை அழகாக்கினால் அடுத்த முறை இன்னொருவர் சொல்லாமல் போவார்.

கூடம் மறுபடி நடக்குமா என்று பலர் கேட்கிறீர்கள். நடந்தால் முதல் விதி அப்படியே இருக்கும். இரண்டாவது விதியை நான் எடுத்துவிடுவேன். பின்னணி ஓசையையும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பவை கொஞ்சம்தான். தேதி முத்திரை குத்திய அந்தக் குடைச் சீட்டு, முதல்வர் கேட்டதால் நான் நூலகத்தில் தேடி எடுத்துக் காட்டியது, பிறகு என்னிடமே தங்கிவிட்டது. என் தொலைபேசியில் 'சரி' என்ற ஒரு சொல். யாராவது நான் பேசும்போது சட்டென்று எழுந்து போனால், பேச்சை நிறுத்தி எங்கே என்று கேட்கும் ஒரு பழக்கம். இது பல பேருக்குத் தொந்தரவாக இருக்கிறது. இருக்கட்டும்.

கடைசியாக, மறுநாள் என்ன நடந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

திங்கட்கிழமை வானம் வெளுத்திருந்தது. உடலைப் பிற்பகலில் தருவதாகச் சொன்னார்கள். உடுத்துவதற்கு ஒரு சேலை எடுத்துவர வேண்டும், பெண்கள் யாராவது வந்தால் நல்லது என்று ஆறுமுகம் கேட்டார். அவரோடு போனேன். வீட்டுச் சாவி பேச்சியம்மாளின் முந்தானையில் முடிந்திருந்தது. அத்தனை தண்ணீரும் அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. இழுத்தால் தானே பூட்டிக்கொள்ளும் முன்கதவை ஆறுமுகம் திறந்தார். பின்கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. திறந்து பார்த்தோம். எட்டுப் படியில் ஆறு படி வரை சேறு. ஆறு கீழே இறங்கி, ஒன்றும் தெரியாததுபோல் போய்க்கொண்டிருந்தது.

நடு அறையில் கணினி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவருடைய தொலைபேசி. திரையில் கூடம் இருந்தது. எல்லோரும் போய்விட்டார்கள். முதல் வரிசை ஓரத்தில் அவருடைய பொம்மை உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் எதிரே இன்னொரு பொம்மை நின்றுகொண்டிருந்தது. அது என்னுடையது. முந்தின நாள் செய்தி கேட்டதும் கணினியை அப்படியே போட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடியிருந்தேன்.

"இதை அணைச்சிரவா, மேடம்?" என்று கேட்டார் ஆறுமுகம்.

கொஞ்சம் பொறுங்கள், நான் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். சேலையை அவரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் தென்காசிக்கு வந்தேன். கணினி முன்னால் உட்கார்ந்து, என் பொம்மையை உட்கார வைத்தேன். பிறகு ஆறுமுகத்தை அழைத்து, அணைத்துவிடலாம் என்றேன். அவருக்குப் பொத்தான் எதுவென்று தெரியவில்லை. விளக்கிச் சொன்னேன். அதற்குள் பேச்சியம்மாளின் பொம்மை ஒரு முறை தலையாட்டியது. நாற்பது விநாடிக்கு ஒரு தடவை ஆட்டும். அடுத்த நாற்பது விநாடி ஆவதற்குள் நாற்காலி காலியாகிவிட்டது.